ஆலை மூடப்பட்டால் தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

(ஜுமுஆ உரை)



  

சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்து சென்ற பின், ஒரு சகோதரர் மட்டும் தூணோரம் அமர்ந்திருந்தார். தோல் காலணி ஆலையொன்றில் பதினான்கு ஆண்டுகள் வெட்டும் பிரிவில் பணியாற்றியவர். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஆர்டர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது, ஆலை மூடப்பட்டுவிட்டது. அவர் என்னிடம் பணம் கேட்கவில்லை. "நான் இத்தனை ஆண்டுகள் அங்கே வேலை செய்தேன் என்று ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதித் தர முடியுமா ஹஜ்ரத்?" என்று மட்டுமே கேட்டார். நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கையிலிருந்த சிறு தொகையையும் கொடுத்து, துஆ செய்து அனுப்பினேன்.

ஆலை மூடப்பட்டதால் வேலையிழக்கும் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு உதவித்தொகை வழங்கும் அரசுத் திட்டம் ஒன்று 2005 ஆம் ஆண்டு முதலே இருக்கிறது என்பது அன்று அவருக்குத் தெரியாது. மிம்பரில் நின்று ஊருக்கு உபதேசம் செய்யும் எனக்கும் தெரியாது. பின்னர் அறிந்தபோது வெட்கப்பட்டேன். அந்த வெட்கமே இன்றைய உரைக்குக் காரணம்.

நபிகளார் கைப்பிடி பொருத்திய கோடரி

வேலையிழந்தவருக்கு எவ்வாறு உதவ வேண்டும் என்பதற்கு அழகிய முன்மாதிரி அண்ணலாரின் வாழ்விலேயே உள்ளது. அன்சாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதேனும் பொருள் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் கூறினார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொல்ல, அதைவிடக் கூடுதலாகத் தருபவர் யார் என்று மீண்டும் மீண்டும் கேட்டு, இரண்டு திர்ஹங்களுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்திற்குக் குடும்பத்தாருக்கு உணவு வாங்கிக் கொடுக்கவும், மற்றொரு திர்ஹத்திற்குக் கோடரி வாங்கி வரவும் பணித்தார்கள். அவர் வாங்கி வந்த கோடரிக்குத் தம் புனிதக் கரங்களாலேயே கைப்பிடி பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் பட வேண்டாம் என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது அவர் கையில் பத்து திர்ஹங்கள் இருந்தன. (நூல்: அபூதாவூத், இப்னுமாஜா)

இந்த நிகழ்ச்சியைப் பிச்சையெடுக்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் உதவி செய்பவருக்கான பாடமும் இருக்கிறது. போய் உழைத்துப் பிழைத்துக்கொள் என்று வெறுமனே சொல்லி நபிகளார் அவரை அனுப்பிவிடவில்லை. அவரிடம் இருப்பது என்ன என்று முதலில் விசாரித்தார்கள். இருந்த பொருளுக்கு நல்ல விலை கிடைக்கச் செய்தார்கள். பிள்ளைகளின் பசியை முதலில் ஆற்றினார்கள். பசித்த குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு எவரும் புதுத் தொழில் தொடங்க முடியாது. அதன் பின் தொழிற்கருவி கொடுத்தார்கள். காலக்கெடு விதித்தார்கள். கெடு முடிந்ததும் அவர் நிலையைக் கேட்டறிந்தார்கள். உணவு, கருவி, அவகாசம், விசாரிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நபிவழி உதவி.

அமெரிக்காவில் ஒரு சட்டம்

சகோதரர்களே! இந்த நான்கையும் ஓர் அரசு சட்டமாக்கிப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. 1962 இல் அமெரிக்காவில் ஜான் கென்னடி குடியரசுத் தலைவராக இருந்தபோது, வர்த்தக விரிவாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வெளிநாட்டுப் பொருட்கள் தாராளமாக நாட்டுக்குள் வர அச்சட்டம் வழிவகுத்தது. பொருட்கள் மலிவாகக் கிடைப்பதால் கோடிக்கணக்கான மக்கள் சிறிது சிறிதாகப் பயனடைவார்கள். ஆனால் அதே காரணத்தால் சில ஊர்களின் ஆலைகள் மூடப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்கள் முழு வாழ்வையும் இழப்பார்கள். நாடு முழுவதும் அடையும் இலாபத்திற்காக ஒரு சிலர் மட்டும் விலை கொடுப்பது நியாயமன்று என்பதால், வர்த்தகச் சீரமைவு உதவித் திட்டம் அச்சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

இந்த நியாயம் நமக்குப் புதியதன்று. ஒரு பொருளின் இலாபத்தை அனுபவிப்பவரே அதன் இழப்பையும் சுமக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ள பொதுவிதி. மதரஸா மாணவர்கள் மனனம் செய்யும் விதி. இலாபம் ஒருவருக்கும் இழப்பு வேறொருவருக்கும் என்று பிரிப்பதை நம் மார்க்கச் சட்டம் ஏற்பதில்லை.

ஆனால் சட்டம் எழுதப்பட்டதால் மட்டும் பயன் விளைந்துவிடவில்லை. தகுதி விதிகள் மிகக் கடுமையாக இருந்ததால், 1969 நவம்பர் வரை ஒரு தொழிலாளர் குழுவின் மனுகூட ஏற்கப்படவில்லை. ஏழு ஆண்டுகள் அந்த உதவி ஏட்டளவிலேயே இருந்தது. 1974 இல் விதிகள் தளர்த்தப்பட்ட பிறகே அது மக்களைச் சென்றடைந்தது.

பின்னர் அது நடைமுறைப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. இறக்குமதியாலோ உற்பத்தி வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டதாலோ வேலையிழந்தவர்கள், ஓராண்டுக்குள் தொழிலாளர் துறைக்கு மனு செய்ய வேண்டும். தொழிற்சங்கமும் மனு செய்யலாம், முதலாளியே செய்யலாம். நெடுங்காலம் இருந்த விதிப்படி, மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து கையொப்பமிட்டாலே போதும். மனு ஏற்கப்பட்டால் புதிய தொழில் கற்கும் செலவை அரசு ஏற்றது. கற்கும் காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்காதிருக்க, வழக்கமான வேலையின்மைக் காப்பீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 130 வாரங்கள் வரை வருவாய் உதவி கிடைத்தது. வேறு ஊரில் வேலை தேடிச் செல்லவும் குடிபெயரவும் செலவில் ஒரு பங்கு கிடைத்தது. 2002 ஆம் ஆண்டுச் சட்டம் 50 வயதைக் கடந்தவர்களுக்கு இன்னொரு வழியைத் திறந்தது. பழைய ஊதியத்தைவிடக் குறைந்த ஊதியத்தில் அவர்கள் புது வேலையில் சேர்ந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, இரண்டாண்டுகளில் 10,000 டாலர் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசே ஈடுசெய்தது. ஐம்பது வயதுக்காரர் மீண்டும் பள்ளியில் அமர்வது எளிதன்று என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது.

மூவர் சேர்ந்து மனு செய்தல் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. வறுமையால் தாக்குண்டவர் உதவி கேட்பது ஆகுமானது. அவருடைய சமூகத்தைச் சேர்ந்த அறிவுடைய மூவர் அவரது நிலைக்குச் சாட்சி கூற வேண்டும் என்று கபீஸா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். (நூல்: முஸ்லிம்) அந்த மூவர் யார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். ஒரு மஹல்லாவில் வேலையிழந்தவரின் நிலையை அறிந்த மூன்று பேர் இருக்க வேண்டும் என்பதல்லவா இதன் பொருள்!

உதவி போதவில்லை, பின் நின்றும் போனது

அந்தத் திட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. மனு செய்யலாம் என்பதே அறியாத தொழிலாளர்கள் ஏராளம். சீன இறக்குமதியால் பாதிக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்து டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹேன்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2013 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அப்பகுதிகளில் இந்தச் சீரமைவு உதவி உயர்ந்ததைவிட, உடல் இயலாமைக்கான அரசு உதவித்தொகை பன்மடங்கு உயர்ந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். கோடரி கிடைக்காதவர்கள் உழைப்புச் சந்தையை விட்டே ஒதுங்கிப் போனார்கள்.

இறுதியில் அத்திட்டத்தைப் புதுப்பிக்கும் சட்டம் நிறைவேறாததால், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு ஒப்புதல் வழங்குவது நிறுத்தப்பட்டது. முன்பே ஒப்புதல் பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதி இவ்வாறு தேய்ந்தது. வாக்குறுதிகள் குறித்து மறுமையில் விசாரணை உண்டு என்று நம்பும் நமக்கு இதில் படிப்பினை இருக்கிறது.

இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு

அமெரிக்காவில் ஆலை மூடினால் நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். ஒரு கைப்பேசி நிறுவனத்தின் பயணத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த நோக்கியா ஆலை 2008 இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,300 பேர் வேலையிழந்தார்கள். உற்பத்தி ருமேனியாவின் குளூஜ் நகருக்கு அருகில் அமைந்த புதிய ஆலைக்குச் சென்றது. அங்கே மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2011 இல் அந்த ஆலையையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது; அங்கு ஏறத்தாழ 2,200 பேர் வேலையிழந்தார்கள். 2012 இல் தாயகமான ஃபின்லாந்திலேயே சாலோ நகரில் உற்பத்தி நின்றது.

நம் திருப்பெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய அதே நிறுவனத்தின் ஆலை, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும், குறிப்பாகக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கும் வேலை கொடுத்தது. வரி வழக்கும், கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கப்பட்டதும் சேர்ந்து, ஆர்டர் நின்றுபோய், 2014 நவம்பர் 1 இல் அங்கும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நான்கு ஊர்களில் நான்கு வெவ்வேறு காரணங்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய தொழிலாளியின் முகம் எங்கும் ஒன்றே.

ஒரு வேறுபாடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் உலகமயமாக்கல் சீரமைவு நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. ஜெர்மனி, ருமேனியா, ஃபின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் நோக்கியா தொழிலாளர்களுக்கும் பயிற்சிக்காகவும் புது வேலை தேடவும் அந்நிதியிலிருந்து உதவி சென்றது. தொடக்கத்தில் ஆயிரம் பேர் வேலையிழந்தால்தான் அந்நிதி கிடைக்கும் என்றிருந்தது. 2009 இல் அது 500 ஆகவும், 2021 இல் 200 ஆகவும் குறைக்கப்பட்டது. திருப்பெரும்புதூர்ப் பிள்ளைகளுக்கு அப்படியொரு நிதி இருக்கவில்லை. விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு அவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள்.

நம் சமுதாயத்தோடு நெருங்கிய இன்னொரு செய்தி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுள்ளார்கள். அங்கு தைக்கப்படும் காலணிகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்குச் செல்கின்றன. ஒரு காலத்தில் ஜெர்மனியின் பிர்மாசென்ஸ் போன்ற காலணி நகரங்களில் இருந்த வேலை, அங்குள்ள ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின் ஆசிய நாடுகளுக்கு நகர்ந்தது. அதில் நமக்கும் பங்கு கிடைத்தது. இன்னொரு தொழிலாளியின் கையிலிருந்து வந்த ரிஜ்க் அது. நம் கையிலிருந்தும் அது இடம்பெயரக்கூடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது மொத்தம் 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆம்பூரும் திருப்பூரும் கலங்கியதை நாம் கண்டோம். தொழிலாளி எந்தத் தவறும் செய்யவில்லை. கடல் கடந்து எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு அவர் வீட்டு அடுப்பை அணைக்கப் போதுமானதாக இருந்தது.

அரசின் கடமை

இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்து வாரிசுகளுக்கு உரியது. அவர் கடனையோ ஆதரவற்ற குடும்பத்தையோ விட்டுச் சென்றால் அதற்குத் தாமே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். (நூல்: புகாரீ, முஸ்லிம்) ஆட்சித் தலைவராக இருந்து அண்ணலார் ஏற்ற பொறுப்பு அது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தெருவில் இரந்துகொண்டிருந்த பார்வையிழந்த முதியவர் ஒருவரைக் கண்டார்கள். அவர் ஒரு யூதர். ஜிஸ்யா வரியும் வறுமையும் முதுமையும் தம்மை இந்நிலைக்கு ஆளாக்கியதாக அவர் கூறினார். கலீஃபா அவரது கரத்தைப் பற்றித் தம் இல்லம் அழைத்துச் சென்று உதவினார்கள். பின்னர் பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, வாலிபத்தில் ஒருவரின் உழைப்பை உண்டுவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்று எடுத்துரைத்து, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் வரியை நீக்கினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜ் நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். அந்த முதியவரின் மதம் எது என்று பார்த்து கலீஃபா உதவவில்லை. அவர் உழைத்தார், ஆகவே அவருக்கு உரிமை உண்டு.

நம் நாட்டிலும் ஏற்பாடுகள் உள்ளன. ஆலை மூடப்பட்டால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடு தர வேண்டும் என்பது தொழில் தகராறு சட்டத்தில் நெடுங்காலம் இருந்த விதி. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை மறுதிறன் பயிற்சி நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் 15 நாள் ஊதியத்தில் ஒருவர் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும்? உணவுக்கும் கருவிக்கும் போதுமான அளவு உதவியைக் கோருவது குடிமக்கள் என்ற முறையில் நம் உரிமை. அதைச் சாதி மத வேறுபாடின்றி எல்லாத் தொழிலாளர்களோடும் சேர்ந்து கோர வேண்டும்.

நம் கடமை

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களே! தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு அண்ணலார் ஏவினார்கள். (நூல்: இப்னுமாஜா) வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரீயில் பதிவாகியுள்ளது. இ.எஸ்.ஐ., பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் கூலியின் பகுதிகளே. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டு உரிய இடத்தில் கட்டாமல் விடுவது அமானித மோசடி. ஆர்டர் குறைவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தொழிலாளிக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று மாத அவகாசம் ஒரு குடும்பத்தை வட்டிக்காரனிடமிருந்து காப்பாற்றும்.

தொழிலாளிகளாக இருக்கும் சகோதரர்களே! உங்கள் இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தைப் போலப் பாதுகாத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. வேலையின்மை உதவியின் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. வேலை போன வாரமே கிளை அலுவலகத்துக்குச் சென்று விசாரியுங்கள். அது பிச்சையன்று. நீங்கள் மாதாமாதம் கட்டிய காப்பீட்டின் பலன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகளார் கூறியது இதற்கும் பொருந்தும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஏழை என்றதும் வாசலில் கையேந்துபவரையே நாம் நினைக்கிறோம். ஒன்றிரண்டு கவளத்துக்காக மக்களைச் சுற்றி வருபவரைவிட, தேவை நிறைவேறாமலும் தம் நிலை வெளியே தெரியாமலும் எவரிடமும் கேட்காமலும் இருப்பவரே உண்மையான மிஸ்கீன் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். (நூல்: புகாரீ) அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 79 ஆவது வசனம், சொந்தமாகக் கப்பல் வைத்துக் கடலில் உழைத்தவர்களையும் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. ஆகவே வீடு இருக்கிறது, வண்டி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வேலையிழந்தவரைத் தள்ளிவிடாதீர்கள். ஜகாத் பெறுவோரில் கடனாளிகளையும் ஒரு பிரிவினராகத் தவ்பா அத்தியாயத்தின் 60 ஆவது வசனம் சேர்த்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் மூவர் கொண்ட ஒரு குழு அமையட்டும். அவர்களில் ஒருவர் அரசுத் திட்டங்களையும் படிவங்களையும் அறிந்தவராக இருக்கட்டும். ஆலை மூடும் செய்தி வந்ததும் அந்த மூவரும் வேலையிழந்தவரின் வீட்டுக்குத் தாமாகவே செல்லட்டும். முதல் மாத மளிகையைப் பைத்துல்மால் ஏற்கட்டும். தையல் இயந்திரமோ, பயிற்சிக் கட்டணமோ, கைத்தொழிலுக்கான முதலோ, அவருக்குரிய கோடரி எதுவென்று அறிந்து அதை வாங்கிக் கொடுக்கட்டும். பதினைந்து நாள் கழித்து மீண்டும் சென்று விசாரிக்கட்டும்.

இல்லத்தரசிகளே! வேலையிழந்து வரும் கணவரிடம் முதலில் ஸலாம் சொல்லுங்கள். பிறகு கணக்குக் கேளுங்கள். அந்த நாட்களில் அவருக்கு மிகவும் தேவைப்படுவது வீட்டுக்குள் குறையாத மரியாதை.

அன்று தூணோரம் அமர்ந்திருந்த சகோதரர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார், பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் பெற்றிருக்க வேண்டிய உதவி அவருக்குக் கிடைக்காமலேயே போனது. மறுமையில் அதைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டால் தெரியாது என்று நான் சொல்லலாம். இந்த உரைக்குப் பிறகு அந்தப் பதில் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஓர் அடியான் தன் சகோதரனுக்கு உதவி செய்துகொண்டிருக்கும் காலமெல்லாம் அல்லாஹ்வின் உதவி அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. (நூல்: முஸ்லிம்)

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பாளிகளின் ரிஜ்கில் பரக்கத் செய்வாயாக! வேலையிழந்தவர்களுக்கு அவர்கள் இழந்ததைவிடச் சிறந்த வழியைத் திறப்பாயாக! உழைப்பாளியின் உரிமையை உரிய நேரத்தில் கொடுக்கும் மனத்தை எங்கள் முதலாளிகளுக்கும், கேட்காதவரைத் தேடிச் சென்று உதவும் பண்பை எங்கள் ஜமாஅத்துகளுக்கும், எல்லா மக்களுக்கும் நீதி செய்யும் எண்ணத்தை ஆட்சியாளர்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.